முன் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றுவது: டர்பன் கார்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் சொந்தக் காருக்கு வருடா வருடம் சோதனை கிடையாது. வண்டி கைமாறும்போது மட்டும் ரோட்வொர்தி சான்றிதழ் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கேட்பார்கள், அவ்வளவுதான். ஒரே காரைப் பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவரின் பிரேக்கை அந்தப் பத்து வருடமும் அதிகாரி யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை, பார்க்க வேண்டியவர் வண்டிக்காரர்தான். நாம் ஓட்டுகிற இடத்தையும் யோசித்துப் பாருங்கள்: சாட்ஸ்வொர்த்தில் வாசலை விட்டு இறங்கினாலே சரிவு, பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில், மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன் ஹில், ஜொகன்னஸ்பர்க் போய்த் திரும்பினால் வான் ரீனன் கணவாய். 2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில் அடிவாரத்தில், நிற்க முடியாமல் வந்த ஒரு லாரி ரோபோவில் (சிக்னலில்) குறுக்கே போய்க்கொண்டிருந்த வண்டிகளில் மோதி 24 பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாரி வேறு கார் வேறுதான், ஆனால் இறக்கத்தில் பிரேக் சூடாவது இரண்டுக்கும் பொது.

இன்னொன்று கடல். மெரிபேங்க், ஐசிபிங்கோ, டொங்காட் என்று கடலோரமாகவே இருக்கிறோம், வருடம் முழுக்க ஈரக்காற்று, அதில் உப்பு வேறு. பேட், அதாவது வீலோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை, தேய்வது சாதாரண விஷயம், அது தேயத்தான் இருக்கிறது. பேட் உட்கார்ந்து நகரும் இடம் துருப்பிடித்து இறுகிப்போவதுதான் இங்கே பெரிய தொல்லை. அவசரத்தில் வேலை செய்யும் கடைகளில் பழைய பேடை உருவிப் புதியதைச் செருகி அரை மணியில் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அந்தத் துருவை யாரும் தொடுவதில்லை. வீட்டில் செய்தால் காசு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனாலும் இதை நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் காசு இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து துருவைச் சுரண்டுகிற பொறுமை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குத்தான் வரும்.

முதலில் ஒரு கேள்வி: மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், 2 மி.மீ.க்குக் கீழே ஓட்டவே கூடாது. பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், தகட்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பகுதி மட்டும்தான் கணக்கு. அலாய் வீல் என்றால் ஆரங்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிப்பக்க பேட் தெரியும். அதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள், உள்பக்க பேட் பல நேரம் வெளிப்பக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும், அதைப் பார்க்க வீலைக் கழற்ற வேண்டும்.

பல பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்து கடைசிக்கு வரும்போது அது டிஸ்க்கில் உரசி 'கீச்'சென்று கத்தும். காலையில் முதல் பிரேக்கில் மட்டும் வரும் 'கரகர' சத்தம் வேறு, அது இரவு ஈரத்தில் டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு, இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும், பயப்பட வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் கேட்டால் பேட் முழுக்கத் தீர்ந்து தகடே டிஸ்க்கைத் தின்கிறது என்று அர்த்தம், அந்த வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெதுவாக இறங்கியிருப்பதும் ஒரு அறிகுறி. பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும். இதைப் பார்த்ததும் டப்பாவை நிரப்பிவிடுவது நிறைய பேருக்குப் பழக்கம். நிரப்பாதீர்கள், முதலில் பேடைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் ஆயில் இறங்குகிறது என்றால் எங்கேயோ கசிவு, அது மெக்கானிக் வேலை.

இந்த வழிகாட்டி எந்தக் காருக்கு, எதற்கு இல்லை

முன்பக்க டிஸ்க் பிரேக்குக்கு மட்டும். நம்மிடம் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக்தான், அதன் வேலை முற்றிலும் வேறு. பின்னால் டிஸ்க் இருக்கும் கார்களிலும் ஹேண்ட்பிரேக் காலிப்பரிலேயே (பேடையும் பிஸ்டனையும் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) இருந்தால் பிஸ்டனை அழுத்தினால் போகாது, அதற்கென்று உள்ள கருவியால் திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். பொத்தானை அழுத்தினால் பிடிக்கும் எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் என்றால் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் கை வைத்தால் மோட்டாரே கெட்டுவிடும். முதல் தடவை செய்கிறவர்கள் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் முன் பிரேக்தான், முதலில் தேய்வதும் அதுதான்.

புதுக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். காரோடு வந்தது மெயின்டனன்ஸ் பிளான் என்றால் பேட் மாதிரி தேயும் சாமான்களும் பொதுவாக அதில் அடங்கும், கம்பெனியிலேயே போய் மாற்றிக்கொள்ளுங்கள், ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. சர்வீஸ் பிளான் என்றால் பெரும்பாலும் பேட் அதில் வராது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

பேட் வாங்கும்போது

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள். அதில் வின் எண் (வண்டியின் சேஸிஸ் எண்) இருக்கும், அதைச் சொன்னால் சரியான பேட் கிடைக்கும். "2014 போலோ" என்று மட்டும் சொன்னால் ஒரே வருடத்து வண்டியில் இரண்டு விதக் காலிப்பர் வந்திருக்கலாம், வீட்டுக்கு வந்து கழற்றிய பிறகு அளவு ஒத்துவராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் வண்டியைக் கழற்றிப் போடுவதற்கு முன்பே புது பேடை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.

மலிவு பேட் வேண்டாம். ஃபெரோடோ, ஏடிஈ, டெக்ஸ்டார், பாஷ் என்று பெயர் தெரிந்ததை வாங்குங்கள். தகட்டின் பின்புறம் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், கூடவே ஆர்90 என்றும் அச்சிட்டிருந்தால் ஐரோப்பியத் தரச் சோதனையில் தேறியது என்று பொருள். பெட்டியில் கிளிப்பும் புது போல்ட்டும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள், வந்தால் கண்டிப்பாக அவற்றைத்தான் போட வேண்டும். பேடை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்து, நான்கையும் ஒரே நேரத்தில்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

என்னென்ன வேண்டும்

நல்ல ஜாக், ஆக்சில் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, வீல் ஸ்பேனர், ஒரு சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளந்து முடுக்கும் ஸ்பேனர்), வயர் பிரஷ், தட்டையான அரம், ஜி கிளாம்ப் (திருகி இறுக்கும் இரும்புப் பிடி), பிரேக் கிளீனர் ஸ்பிரே, சிலிகான் பிரேக் கிரீஸ், கட்டுக்கம்பி ஒரு முழம், கையுறை, முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. டொயோட்டா கொரோல்லா போன்ற கார்களில் காலிப்பர் போல்ட் 14 மி.மீ., வீல் நட் 21 மி.மீ. போலோ விவோ மாதிரி வண்டிகளில் வீலுக்கு 17 மி.மீ. போல்ட், காலிப்பருக்கு 7 மி.மீ. ஆலன் சாவி. இந்த 7 மி.மீ. சாவி சாதாரண செட்டில் இருக்காது, தனியாக வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மதியம் தேடி அலையாதீர்கள்.

கியூ20 (துருப்பிடித்ததை இளக்கும் எண்ணெய் ஸ்பிரே) எல்லார் வீட்டிலும் இருக்கும். துருப்பிடித்த வீல் நட்டுக்கு அடிக்கலாம். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளி பட்டாலும் ஆபத்து, அதனால் காலிப்பர் பக்கம் அந்த டப்பாவைக் கொண்டுவரவே வேண்டாம்.

காரைத் தூக்குவது

இந்த வேலையில் உயிருக்கு மிக ஆபத்தான கட்டம் இதுதான், ஆகவே இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் டிரைவ்வே பாதிக்கு மேல் சரிவாகத்தான் இருக்கும். சரிவில் காரைத் தூக்கக் கூடாது. சமமான தளம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் இருக்கிற உறவுக்காரர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். புல் தரையும் வேண்டாம், மழை பெய்த மண்ணில் ஜாக் மெல்லப் புதையும். தார், சிமென்ட், பேவிங் கல் போட்ட கெட்டித் தரைதான் வேண்டும்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் வீல் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கியிருந்தால் கையால் அசையாது, ஸ்பேனர் கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி மெல்ல அழுத்துங்கள். அப்புறம் வண்டிப் புத்தகத்தில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கை வைத்துத் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டைக் கொடுத்து, எடை முழுவதும் ஸ்டாண்டின் மேல் இறங்கும்படி ஜாக்கைத் தளர்த்துங்கள். செங்கல், சிமென்ட் பிளாக் எதையும் ஸ்டாண்டாக வைக்காதீர்கள், அவை முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமல் உடையும். காரோடு வந்த ஜாக் டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி அடியில் கை நீட்டக் கூடாது. ஸ்டாண்டில் இறக்கியதும் காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். கழற்றிய வீலைக் காரின் ஓரத்து அடியில் படுக்க வைத்துவிடுங்கள், எது தவறினாலும் கார் அதன் மேல்தான் உட்காரும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

நட்டெல்லாம் கழற்றியும் வீல் வரவில்லையென்றால் ஹப்பில் (வீலை மாட்டும் நடுப்பகுதியில்) துருவால் ஒட்டியிருக்கிறது. இரண்டு நட்டை நான்கு சுற்று மட்டும் திருகி வைத்துவிட்டு டயரின் ஓரத்தில் உள்ளங்கையால் மாறி மாறி அடியுங்கள், விட்டுவிடும்.

காலிப்பரைத் திறப்பது

ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். எது எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றுவதற்கு முன் நான்கைந்து கோணத்தில் படமும் எடுத்து வையுங்கள். காலிப்பரின் பின்புறம் வெளியே வரும்படி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் கை வைக்க வசதியாக இருக்கும்.

முதலில் தூசி. அந்தக் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய பேட்களில் சேர்த்துவந்த, நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸைத் தென்னாப்பிரிக்கா 2008-ல் தடை செய்துவிட்டது, ஆனாலும் தாத்தா காலத்து வண்டிகளில் பழைய பேட் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது, புதுப் பேடின் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்து, கீழே ஒரு தட்டில் வடிய விடுங்கள்.

கொரோல்லா வகைக் காலிப்பரில் பின்புறம் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு போல்ட். கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பரை மேலே மடக்கித் தூக்கலாம். போல்ட்டைத் திருப்பும்போது பின்னும் (காலிப்பர் உள்ளும் வெளியும் நகர உதவும் கம்பி) கூடவே சுற்றினால் மெல்லிய ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். போலோ வகையில் ரப்பர் பகுதியின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் உள்ளே ஆலன் தலை தெரியும், இரண்டையும் கழற்றிக் காலிப்பரை முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். சில கார்களில் வெளிப்பக்கம் பெரிய கம்பி ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது துள்ளி முகத்தில் அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் சில கார்களில் பேடிலிருந்து ஒரு சென்சார் ஒயர் போகும், பார்க்காமல் இழுத்துவிடாதீர்கள்.

எடுத்த காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்க விடவே கூடாது. ரப்பர் குழாய் உள்ளே கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, பிரேக் மட்டும் ஒரு நாள் கைவிடும். கட்டுக்கம்பியால் மேலே ஸ்பிரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள்.

இப்போது பழைய பேட் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. உள் பேட் தீர்ந்துபோய் வெளி பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் காலிப்பர் பின்னில் நகராமல் நின்றிருக்கிறது. ஒரே பேட் ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தால், அது உட்காரும் காடியில் துருவோ பின்னில் இறுக்கமோ இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புது பேடைப் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் போகும்.

துரு: உண்மையான வேலை இங்கேதான்

பேடின் இரண்டு காதும் உட்காரும் இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மெல்லிய ஸ்டீல் கிளிப் செருகியிருக்கும். கிளிப்பை உருவிப் பாருங்கள், அடியில் துரு செதில் செதிலாகப் பொங்கி நிற்கும். அந்தத் துரு கிளிப்பை வெளியே தள்ளுகிறது, கிளிப் பேடை நெருக்குகிறது, பிரேக்கை விட்ட பிறகும் பேட் பின்னுக்குப் போக இடமில்லாமல் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடுகிறது. வண்டி ஓடி நின்றதும் ஒரு பக்க வீல் மட்டும் கொதிக்கிறது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது என்று சொல்கிறவர்களின் காரில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வெளியே எல்லாம் பளிச்சென்று இருக்கும், கிளிப்பை எடுத்தால்தான் தெரியும்.

வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மூலைகளில் அரத்தால் சுரண்டி, இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள். துருவை மட்டும் எடுங்கள், இரும்பை அராவிவிடாதீர்கள். சட்டத்தைத் தனியாகக் கழற்றி எடுத்தால் வசதிதான், ஆனால் அந்த போல்ட் நல்ல இறுக்கமாக இருக்கும், திரும்பப் போடும்போது கார் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சில் முடுக்க வேண்டும் (கொரோல்லாவில் 107 நியூட்டன் மீட்டர் அளவில்), அந்த எண் கையில் இல்லையென்றால் சட்டத்தை வண்டியிலேயே விட்டு சுத்தம் செய்யுங்கள். சுத்தமான இடத்தில் புதுக் கிளிப்பைச் செருகி, ஒரு பேடை வெறுமனே வைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் சுத்தம் போதவில்லை, அல்லது பேட் தவறானது. புதுப் பேடின் காதில் பெயின்ட் தடிமனாக இருந்தாலும் இறுகும், அந்தப் பெயின்ட்டை மட்டும் அரத்தால் லேசாக எடுக்கலாம்.

அடுத்து பின். கொரோல்லா வகையில் ரப்பர் உறைக்குள் இரண்டு பின் உள்ளும் வெளியும் நகரும். ஒவ்வொன்றாக உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிகான் கிரீஸை மெல்லிதாகத் தடவித் திரும்பப் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் பல கார்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், மேலும் கீழும் மாற்றிவிடாதீர்கள். சாதாரண பேரிங் கிரீஸ் இங்கே ஆகாது, அது ரப்பரை உப்ப வைத்துப் பின்னை இறுக்கிவிடும். போலோ வகையில் பின் ரப்பர் புஷ்ஷுக்குள் நேராகப் போகும், அங்கே கிரீஸே போடக் கூடாது, சுத்தமாகத் துடைத்துக் காய்ந்த நிலையில்தான் போட வேண்டும். எல்லா வண்டிக்கும் கிரீஸ் பூசுகிற பழக்கம் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள், நம் ஊர் ஈரக்காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகிறது.

டிஸ்க்கையும் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். போலோவில் வரும் 22 மி.மீ. டிஸ்க் 19 வரை தேயலாம். ஓரத்தில் வரம்பு கட்டி நிற்கும், அதை விட்டு உள்ளே பேட் ஓடும் இடத்தில் அளக்க வேண்டும். விரிசல், நகம் மாட்டும் ஆழமான கோடு, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குவது, இதில் எது இருந்தாலும் டிஸ்க்கையும் ஜோடியாக மாற்றும் நேரம்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவது

புது பேட் தடிமனாக இருப்பதால் வெளியே வந்திருக்கும் பிஸ்டன் உள்ளே போனால்தான் காலிப்பர் உட்காரும். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மூடியைத் தளர்த்துங்கள். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டனின் மேல் வைத்து ஜி கிளாம்ப்பால் மெதுவாக, மிக மெதுவாக முடுக்குங்கள். ஆயில் திரும்பி டப்பாவுக்கு வரும். இடையில் யாரோ நிரப்பியிருந்தால் வழியும், அதற்கு ஒருவரை டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது மருந்துக் கடை ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பட்டால் கார் பெயின்ட் உரிந்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கிளாம்ப்பைக் கையால் முடுக்கியும் பிஸ்டன் நகரவே இல்லை, அல்லது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்து உள்ளே துரு தெரிகிறது என்றால் பழைய பேடையே திரும்பப் போட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பார்க்க வேண்டாம். இந்த வேலையில் எங்கேயும் பிரேக் குழாயைக் கழற்ற வேண்டியதில்லை, காற்று விடும் நிப்பிளையும் தொட வேண்டியதில்லை. அவற்றைத் திறந்தால் உள்ளே காற்று போகும், பிறகு அதை எடுப்பது தனி வேலை.

ஆயிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும், ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அடியில் போய் உட்காரும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். வான் ரீனன் இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காக வைத்து வாருங்கள்.

புது பேடைப் பொருத்துவது

எழுந்து கை கழுவுங்கள், அல்லது புதுக் கையுறை மாற்றுங்கள். உராயும் பகுதியில் விரல் எண்ணெய்கூட வேண்டாம். பேடின் காதிலும், தகட்டின் பின்புறம் பிஸ்டன் தொடும் இடத்திலும் பிரேக் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும், தகட்டின் பின்னால் ஒட்டுப் படலம் இருந்தால் அங்கே கிரீஸ் வேண்டாம், காகிதத்தை உரித்து அப்படியே ஒட்டவிடுங்கள். கத்தும் நாக்கு உள்ள பேட் பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும், எடுத்த படம் இப்போது உதவும். பிஸ்டனுக்குள் மாட்டும் ஸ்பிரிங் உள்ளது உள் பேட். உராயும் பக்கம் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும், சிரிக்காதீர்கள், திருப்பிப் போட்டு ஓட்டிய வண்டிகள் உண்டு.

டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுக் காலிப்பரை இறக்குங்கள், அது தடையில்லாமல் உட்கார வேண்டும். குழாய் முறுக்கிக்கொள்ளவில்லையே என்று பாருங்கள். போல்ட்டை முதலில் கையால் திருகி ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்ச். போலோவில் 30, கொரோல்லாவில் 34 நியூட்டன் மீட்டர் அளவில் வரும், இது அதிகமில்லை, பலம் உள்ளவர்கள் உணர்ச்சிவசப்பட்டு முடுக்கினால் மறை அறுந்துவிடும். உங்கள் கார் வேறு என்றால் அதன் மேனுவலில் உள்ள எண்தான்.

வீலை மாட்டி நட்டைக் கையால் ஏற்றி, காரை இறக்கிய பிறகு எதிரெதிராக முடுக்குங்கள். கொரோல்லாவுக்கு 103, போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். அப்புறம் அடுத்த பக்கம், அதே பொறுமையோடு.

பெடல்: இதை மறந்தால் சுவரில்தான் நிற்பீர்கள்

பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. முதல் மிதியில் பெடல் அடிவரை போகும், பிரேக் துளிகூடப் பிடிக்காது. அதனால் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே உட்கார்ந்து மெதுவாக மிதியுங்கள், பெடல் கெட்டியாகும் வரை. பத்துப் பதினைந்து மிதி ஆகலாம். பிறகு இன்ஜினை ஓட விட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி அப்படியே நிற்க வேண்டும். மெல்ல மெல்ல அடியில் போனால் வண்டியை எடுக்காதீர்கள். டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மூடியை முடுக்குங்கள், பானட்டைச் சாத்துங்கள், வாசலுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அதன் பிறகுதான் கேட்டைத் திறப்பது.

பேடைப் பழக்குவது

புது பேட் முதல் நாளே முழு பலத்தோடு பிடிக்காது. அதன் பரப்பு டிஸ்க்கோடு ஒத்துப்போக வேண்டும், பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். ஞாயிறு காலையில் ஏதாவது தொழிற்பேட்டைப் பக்கம் போங்கள், புரொஸ்பெக்டன், ஃபீனிக்ஸ் இரண்டிலும் அந்த நேரத்தில் நெரிசல் இருக்காது. பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓட்டி ஆற விட்டு மறுபடி. எட்டுப் பத்து முறை போதும். கருகல் வாடை லேசாக வரலாம், அது சாதாரணம். கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள், பேட் பதிந்த இடத்தில் தடம் விழுந்து பிறகு ஸ்டியரிங் ஆடும். முதல் 300 கி.மீ. வரை அவசரம் இல்லாமல் அழுத்திப் பிடிக்க வேண்டாம், அந்த வாரம் மலைப்பாதைப் பயணமும் வேண்டாம். ஈஸ்டருக்கு ஐசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கோ, தைப்பூசக் காவடிக்கோ குடும்பத்தோடு கிளம்ப வேண்டியிருந்தால் இரண்டு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் இரண்டு முன் வீல் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். இரண்டிலும் ஒரே அளவு சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்தப் பக்கத்துப் பின்னையும் காடியையும் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டை டார்க் ரெஞ்ச்சால் ஒரு முறை சரிபாருங்கள். பழைய பிரேக் ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள், அது நேராகக் கடலுக்குத்தான் போகும், டப்பாவில் அடைத்துப் பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கேட்டுக் கொடுங்கள். கடைசியாக, மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும், பழைய உள் பேட், வெளி பேட் இரண்டிலும் எத்தனை மி.மீ. மிச்சம் இருந்தது என்பதையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த எண்களைப் பார்த்தாலே எந்தப் பக்கத்துப் பின் இறுகத் தொடங்குகிறது என்று வீலைக் கழற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.